முதல் கிட்டார் பெடல்: எஸ்.பி. ரோட்டுச் சாமானில் ஒரு டிரான்சிஸ்டர் பூஸ்டர்

கிட்டார் சத்தத்தை மாற்றக் காலால் மிதித்து இயக்கும் பெடலைக் கட்ட ஆசை வந்ததும் பெரும்பாலானவர்கள் தேடுவது ஏதாவது பிரபலமான டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரக்க வைக்கும்) பெடலின் சர்க்யூட் படத்தைத்தான். இரண்டு ஐசி, மூன்று குமிழ், நாற்பது ஐம்பது பாகங்கள். எல்லாவற்றையும் ஒரே இரவில் சால்டர் செய்து பெட்டிக்குள் அடைத்துப் பவர் கொடுத்தால் சத்தம் வராது. எங்கே தேடுவது என்றும் தெரியாது. ஆர்வம் அத்தோடு போய்விடும். இதற்கு நல்ல மாற்று, ஒரே ஒரு டிரான்சிஸ்டர் உள்ள பூஸ்டரில் தொடங்குவது. எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதை முன்பே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். அதனால் பிழை வந்தால் பத்து நிமிடத்தில் பிடிபடும். இரண்டு டயோடு சேர்த்தால் அதுவே டிஸ்டார்ஷன் ஆகும்.

இங்கே எடுத்துக்கொள்வது எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960களின் இறுதியில் கொண்டுவந்த எல்பிபி-1 பூஸ்டரின் அமைப்பு. அசலில் 430கே, 43கே ரெசிஸ்டர்கள் இருக்கும் ('கே' என்றால் ஆயிரம் ஓம்). கடையில் சுலபமாகக் கிடைக்கிற 470கே, 47கே போட்டாலும் விகிதம் அதேதான், வேலையும் அதேதான். கிட்டாரிலிருந்து வரும் சிக்னலைச் சுமார் 20 மடங்கு பெருக்கும். ஆம்ப்ளிஃபயரின் முன்பகுதியைத் தள்ளிக் கரகரக்க வைக்க இதுவே தாராளம்.

சாமான் வாங்குவது

பெங்களூரில் இதற்கெல்லாம் எஸ்.பி. ரோடுதான், அதாவது சாதர் பத்ரப்பா ரோடு. அல்சூரிலிருந்தோ ஸ்ரீராமபுரத்திலிருந்தோ கிளம்பினாலும் கே.ஆர். மார்க்கெட் அல்லது சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை கூட்டத்தில் சில்லறை வாங்குபவரைக் கவனிக்க ஆளிருக்காது. வார நாள் காலையே நல்லது. பட்டியலைத் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். 'பிசி ஃபைவ் ஃபோர் செவன், பத்து பீஸ்' என்றால் தமிழ், கன்னடம், இந்தி எந்தக் கடைக்காரரும் அடுத்த நொடியே டப்பாவைத் திறப்பார்.

ரெசிஸ்டர்கள் எல்லாம் கால் வாட்: 1 மெக் ஒன்று, 470கே ஒன்று, 47கே ஒன்று, 10கே ஒன்று, 4.7கே ஒன்று, 390 ஓம் ஒன்று, 100 ஓம் ஒன்று. ஒவ்வொன்றிலும் பத்தாக வாங்குங்கள், விலை அற்பம். கப்பாசிட்டரில் 0.1 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) பாலியஸ்டர் இரண்டு (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்), 100 எம்எஃப்டி 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று. பரிசோதனைக்காக 103 எண் போட்டது இரண்டும் 10 எம்எஃப்டி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். டிரான்சிஸ்டர் பிசி547 அல்லது பிசி549சி. இரைச்சல் குறைவு என்பதால் 549சி கிடைத்தால் அதையே எடுங்கள். டயோடு: 1என்5817 ஒன்று, 1என்4148 நான்கு, சிவப்பு எல்இடி மூன்று. 100கே வால்யூம் கன்ட்ரோல் ஒன்று. அதில் ஏ100கே என்று இருக்க வேண்டும். 'ஏ' என்பது லாக், 'பி' என்பது லீனியர். லீனியர் போட்டால் குமிழின் முதல் கால் திருப்பத்திலேயே சத்தம் எல்லாம் வந்துவிடும், மீதித் திருப்பத்தில் பெரிதாக ஒன்றும் நடக்காது.

கிட்டார் ஜாக்கைச் சில கடைகளில் 'பி-38 சாக்கெட்' என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். ஸ்டீரியோ ஒன்று, மோனோ ஒன்று. பிறகு ஒன்பது கால் உள்ள 3பிடிடி ஃபுட்சுவிட்ச், பிளாஸ்டிக் உடல் கொண்ட 2.1 மிமீ டிசி சாக்கெட், 9 வோல்ட் பேட்டரி கிளிப், பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் போர்டு), ஜீரோ பிசிபி (வெறும் துளைகள் மட்டும் உள்ள போர்டு) ஒரு துண்டு, மல்டி ஸ்ட்ராண்ட் ஹூக்கப் வயர் மூன்று நிறத்தில். பணம் போவது சுவிட்சிலும் ஜாக்கிலும் பெட்டியிலும்தான். அவற்றில் மலிவுச் சரக்கு வாங்காதீர்கள். காலால் மிதிபடுவதும் வயர் இழுபடுவதும் அங்கேதான்.

கருவிகள்: 25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், கட்டர், மூக்குக் குறடு, மல்டிமீட்டர். மஞ்சள் நிற டிடி-830டி மீட்டரே இந்த வேலைக்குப் போதும். மீட்டர் இல்லாமல் மட்டும் தொடங்காதீர்கள்.

முதலில் பிரெட்போர்டில்

சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் சர்க்யூட்டைப் பிரெட்போர்டில் ஓடவிட வேண்டும். அவசரக்காரர்கள் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான். டோனை உங்கள் காதுக்கு ஏற்ப மாற்றிப் பார்க்க முடிவதும் இங்கேதான்.

முதலில் பவர். பேட்டரி பிளஸ் 1என்5817 டயோடின் கோடு இல்லாத பக்கத்துக்குப் போகட்டும். கோடு உள்ள பக்கத்திலிருந்து 100 ஓம், அதன் மறுமுனை போர்டின் பிளஸ் வரிசைக்கு. பிளஸ் வரிசைக்கும் கிரவுண்டுக்கும் (பேட்டரி மைனஸ் போகும் வரிசை) நடுவில் 100 எம்எஃப்டி. அதன் உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். யாராவது பேட்டரியைத் திருப்பி வைத்தால் டயோடு காப்பாற்றும். 100 ஓமும் கப்பாசிட்டரும் சேர்ந்து அடாப்டரின் இரைச்சலை வடிகட்டும்.

அடுத்து டிரான்சிஸ்டர். பிசி547இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். இணையத்தில் கிடைக்கும் படங்கள் பலவற்றில் 2என்5088 அல்லது 2என்3904 இருக்கும். அவற்றின் வரிசை நேர் எதிர்: எமிட்டர், பேஸ், கலெக்டர். அந்தப் படத்தைப் பார்த்து பிசி547ஐ அப்படியே செருகினால் டிரான்சிஸ்டர் எரியாது, ஆனால் தலைகீழாக வேலை செய்யும். சத்தம் மெலிந்து உயிரற்று வரும். 'சர்க்யூட் ஓடுது, ஆனா பூஸ்ட் ஆகல' என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மீதி இணைப்புகள்: பிளஸிலிருந்து 10கே கலெக்டருக்கு. எமிட்டரிலிருந்து 390 ஓம் கிரவுண்டுக்கு. பிளஸிலிருந்து 470கே பேஸுக்கு, பேஸிலிருந்து 47கே கிரவுண்டுக்கு. கிட்டார் வயரின் டிப் (பிளக்கின் நுனி) ஒரு 104 கப்பாசிட்டர் வழியாகப் பேஸுக்கு. அந்தக் கப்பாசிட்டரின் கிட்டார் பக்கத்திலிருந்து 1 மெக் கிரவுண்டுக்கு. பின்னால் ஃபுட்சுவிட்சை மிதிக்கும்போது 'டப்' சத்தம் வராமலிருக்க இது. கலெக்டரிலிருந்து இன்னொரு 104 வால்யூம் கன்ட்ரோலின் 3ஆம் காலுக்கு, 1ஆம் கால் கிரவுண்டுக்கு, நடுக்கால் ஆம்ப்ளிஃபயருக்கு. குமிழ்த் தண்டு உங்களைப் பார்க்கவும் கால்கள் கீழே இருக்கவும் பிடித்தால் இடது ஓரம் 1, வலது ஓரம் 3. மாற்றிப் போட்டால் குமிழ் எதிர்த்திசையில் வேலை செய்யும், அவ்வளவுதான்.

கிட்டாரைச் செருகும் முன் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்துக் கருப்பு முனையைக் கிரவுண்டில் பிடியுங்கள். புதிய பேட்டரி என்றால் பிளஸ் வரிசையில் 9 வோல்ட் சுற்றி இருக்கும். பேஸில் 0.7 முதல் 0.8. எமிட்டரில் 0.1 முதல் 0.2. கலெக்டரில் 4 முதல் 6 வோல்ட். இந்தக் கடைசி எண்தான் முக்கியம். சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதால் கலெக்டர் நடுவாக்கில் நிற்க வேண்டும்.

கலெக்டர் கிட்டத்தட்ட முழு வோல்டேஜில் நின்றால் டிரான்சிஸ்டரில் கரண்ட் ஓடவில்லை. 470கே சரியாகச் செருகப்படவில்லை, அல்லது எமிட்டர் ரெசிஸ்டர் கிரவுண்டைத் தொடவில்லை, அல்லது கால்கள் திரும்பியிருக்கின்றன. மாறாக அரை வோல்ட் அளவுக்கு இறங்கிக் கிடந்தால் 470கேயும் 47கேயும் இடம் மாறியிருக்கின்றன. இரண்டிலும் முதல் இரண்டு நிறம் மஞ்சள், ஊதா. மூன்றாவது நிறம்தான் வித்தியாசம்: 470கேக்கு மஞ்சள், 47கேக்கு ஆரஞ்சு. டியூப்லைட் வெளிச்சத்தில் இது கண்ணை ஏமாற்றும். ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்த பிறகே போர்டில் வையுங்கள்.

டோனை மாற்றிப் பார்ப்பது

எண்கள் சரியானதும் ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த வால்யூமில் வைத்து வாசியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

உள்ளே வரும் 104ஐ எடுத்துவிட்டு 103 வையுங்கள். அடித்தொனி மெலிந்து சோலோ வெட்டிக்கொண்டு வெளியே கேட்கும். காரணம்: இந்தச் சர்க்யூட்டின் உள்ளீட்டு ரெசிஸ்டன்ஸ் சுமார் 30கே. 104 வைத்தால் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதுதான் குறையும். கிட்டாரின் தடித்த ஆறாம் தந்தியே 82 ஹெர்ட்ஸ் என்பதால் எதுவும் இழப்பில்லை. 103 வைத்தால் 500 ஹெர்ட்ஸிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடும். கலங்கலாகக் கேட்கும் ஹம்பக்கர், அதாவது இரட்டைக் காந்தச் சுருள் வைத்த கிட்டாருக்கு இந்த மாற்றம் கைகொடுக்கும். சிங்கிள் காயில் கிட்டாரில் சத்தம் கூர்மையாகிக் காதைக் குத்தலாம்.

அந்த 30கேக்கு இன்னொரு விளைவும் உண்டு. பிக்கப்பின் (தந்தி அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) மேல் சுமை ஏறி, உச்சத்தொனி கொஞ்சம் மங்கும். ஆகவே இந்தப் பூஸ்டரை மற்ற பெடல்களுக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்து, உங்கள் காதுக்கு எது சரி என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, 390 ஓமுக்கு இணையாக 10 எம்எஃப்டி (பிளஸ் எமிட்டர் பக்கம்). பெருக்கம் 20 மடங்கிலிருந்து நூறைத் தாண்டும். லேசாகத் தட்டினாலே சிக்னலின் தலை வெட்டுப்படும்; ஃபஸ் பெடல் போன்ற கரடுமுரடு வரும்.

இனி டயோடு. வெளியே போகும் 104க்கும் வால்யூம் கன்ட்ரோலுக்கும் நடுவிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 1என்4148ஐ எதிரெதிர்த் திசையில் இணையுங்கள். ஒன்றின் கோடு மேலே, மற்றதன் கோடு கீழே. சிக்னல் இரு பக்கமும் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஏற முடியாமல் தட்டையாகும். அதுதான் டிஸ்டார்ஷன். சத்தத்தின் அளவும் குறையும், அது பிழையல்ல. அவற்றுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்இடி வைத்தால் வெட்டு 1.7 வோல்ட்டை ஒட்டி நடக்கும். சத்தம் உரக்க, திறந்து வரும். விரலின் அழுத்தமும் அதிகம் வெளிப்படும். ஒரு பக்கம் 4148, மறு பக்கம் எல்இடி என்று கலந்தால் இரு பாதியும் சமமில்லாமல் வெட்டுப்பட்டு வேறொரு நிறம் கிடைக்கும். கடையில் வாங்கும் பல பெடல்களின் வித்தியாசம் இந்த இரண்டு டயோடிலும் சில கப்பாசிட்டர் மதிப்பிலும்தான் இருக்கிறது. இங்கே ஒரு மாலை முழுக்கச் செலவழிக்கலாம். மூன்று நிலை டாகிள் சுவிட்ச் ஒன்று வைத்தால் சுத்தமான பூஸ்ட், 4148, எல்இடி மூன்றையும் ஒரே பெடலில் வைத்துக்கொள்ளலாம்.

ஜீரோ பிசிபிக்கு மாற்றுவது

பிடித்த மதிப்புகளைத் தாளில் குறித்துக்கொண்டு, பாகங்களின் இடத்தையும் வரையுங்கள். மேலிருந்து வரைந்தது அடியில் பார்க்கும்போது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பிவிடும். முதல் போர்டுகளில் டிரான்சிஸ்டரும் எலக்ட்ரோலிட்டிக்கும் தப்பான துளைக்குப் போவது இதனால்தான். அடிப்பக்கத்தைத் தனியாக ஒரு படமாக வரைந்துவிட்டால் குழப்பம் இல்லை.

குள்ளமான பாகங்களிலிருந்து தொடங்குங்கள்: ரெசிஸ்டர், டயோடு, கப்பாசிட்டர், கடைசியில் டிரான்சிஸ்டர். அயர்ன் முனை காலையும் செம்பு வளையத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். இரண்டு நொடி கழித்து ஈயத்தை அயர்ன் மேல் அல்ல, சூடான காலின் மேல் கொடுங்கள். உருகிப் பரவியதும் முதலில் ஈயத்தை, பிறகு அயர்னை எடுங்கள். நல்ல பற்று பளபளவென்று, காலைச் சுற்றிக் கூம்பாகச் சரிந்து நிற்கும். மங்கலாக உருண்டையாக நின்றால் ரிப்பேர் கடைக்காரர்கள் சொல்லும் 'டிரை சால்டர்'. இன்று வேலை செய்யும், ஒரு மாதம் கழித்து பெடலை மிதிக்கும்போது விட்டு விட்டு வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது ஈயம்.

ஃபுட்சுவிட்சும் ஜாக்கும்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். சுவிட்சின் தட்டைக் கால்கள் கிடைமட்டமாகத் தெரியும்படி பிடித்தால் மேல் வரிசை 1, 2, 3. நடு வரிசை 4, 5, 6. கீழ் வரிசை 7, 8, 9. ஒவ்வொரு செங்குத்து வரிசையும் ஒரு தனிச் சுவிட்ச். நடுக்கால் மேலோ கீழோ மாறி மாறி இணையும். மீட்டரை பீப் நிலையில் வைத்து 4க்கும் 1க்கும், பிறகு மிதித்து 4க்கும் 7க்கும் பீப் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சுவிட்சை 90 பாகை திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள்.

இன்புட் ஜாக்கின் டிப் 4க்கு. அவுட்புட் ஜாக்கின் டிப் 6க்கு. 1 சர்க்யூட்டின் உள்ளீட்டுக்கு, 3 வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலுக்கு. 7ஐயும் 9ஐயும் ஒரு வயரால் இணையுங்கள். பெடல் அணைந்திருக்கும்போது சிக்னல் இந்த வழியே நேராகப் போகும். 5 கிரவுண்டுக்கு. 2 எல்இடியின் குட்டைக் காலுக்கு, எல்இடியின் நெட்டைக் கால் 4.7கே வழியாகப் பிளஸுக்கு. 8 சும்மா இருக்கட்டும். சுவிட்சின் காலை மூன்று நொடிக்கு மேல் சூடாக்காதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, தொடும் தகடு நகர்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சுவிட்சை நம்ப முடியாது.

இன்புட்டில் ஸ்டீரியோ ஜாக் கேட்டது பேட்டரிக்காக. பேட்டரியின் மைனஸை அதன் ரிங் (நடு வளையம்) காலில் சால்டர் செய்யுங்கள். கிட்டார் வயர் செருகும்போது மோனோ பிளக் ரிங்கையும் கிரவுண்டையும் சேர்த்துவிடும், பவர் ஓடும். வயரை உருவினால் பவர் நிற்கும். வாசித்து முடித்ததும் இன்புட் வயரை உருவாவிட்டால் பேட்டரி வீணாகத் தீர்ந்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்கு வார்ப்பு அலுமினியம் சிறந்தது. 1590பி என்ற அளவு (சுமார் 112க்கு 60க்கு 31 மிமீ) இதற்குப் போதும். பேட்டரியும் வைக்க இடம் வேண்டுமென்றால் 125பி எடுங்கள். ஃபுட்சுவிட்சுக்கும் டிசி சாக்கெட்டுக்கும் 12 மிமீ துளை, ஜாக்குக்கு 9.5 அல்லது 10, 16 மிமீ வால்யூம் கன்ட்ரோலுக்கு 7. முதலில் பஞ்ச் அடித்து 3 மிமீ துளை போட்டுப் பிறகு பெரிதாக்குங்கள். வாடகை வீட்டில் டிரில் ஓட்ட முடியாவிட்டால் துளைகளைக் குறித்து லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம். பிளாஸ்டிக் பெட்டி என்றால் உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, அதைக் கிரவுண்டோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் டியூப்லைட்டும் மொபைலும் ஆம்ப்ளிஃபயரில் பேசும்.

அடாப்டர்

கிட்டார் பெடல்களில் வழக்கம்: 9 வோல்ட் டிசி, நடு ஊசி மைனஸ், வெளிப்புறம் பிளஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் 9 வோல்ட் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் நடு ஊசி பிளஸ். மேலே உள்ள குறியைப் பார்த்து, மீட்டரில் அளந்து உறுதி செய்யுங்கள். டிசி சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் உடல் வேண்டும் என்றதும் இதனால்தான்: வெளிப்புறம் பிளஸ் என்பதால் உலோகச் சாக்கெட் போட்டால் கிரவுண்டாக இருக்கும் பெட்டியோடு நேரடி ஷார்ட் ஆகும்.

பேட்டரியில் அமைதியாக இருந்து அடாப்டரில் மட்டும் 'கீ' என்று இரைந்தால் சர்க்யூட்டை நோண்டாதீர்கள், அடாப்டரை மாற்றுங்கள். இரண்டிலும் 'ஹூம்' என்று வந்து, தந்தியைத் தொட்டால் குறைகிறது என்றால் கிட்டாரின் ஷீல்டிங்கையும் வீட்டு எர்த்திங்கையும் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் மூன்றாவது பின்னை ஒருபோதும் கழற்றாதீர்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரையும் அடாப்டரின் உட்புறத்தையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே உயிரை எடுக்கும் வோல்டேஜ் தேங்கியிருக்கும். உங்கள் வேலை 9 வோல்ட்டோடு முடியட்டும்.

சத்தமே வராவிட்டால்

ஒரு பழைய கிட்டார் வயரின் ஒரு முனையை வெட்டி, நடுக்கம்பியில் 104 கப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். ஷீல்டில் ஒரு முதலை கிளிப். மறுமுனை ஆம்ப்ளிஃபயருக்கு. கிளிப்பைப் பெடலின் கிரவுண்டில் மாட்டி, யாரையாவது கிட்டாரைத் தட்டிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். கப்பாசிட்டரின் நுனியை இன்புட் ஜாக்கின் டிப்பில் வையுங்கள்: சத்தம் கேட்கும். பிறகு சுவிட்சின் 4, 1, போர்டின் உள்ளீடு, பேஸ், கலெக்டர், வால்யூம் கன்ட்ரோல், 3, 6 என்று வரிசையாக நகருங்கள். கலெக்டரில் சத்தம் பெரிதாக வேண்டும். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் சத்தம் காணாமல் போகிறதோ அங்கேதான் பிழை. அநேகமாக அது பாகத்தின் கோளாறாக இருக்காது. ஒட்டாத பற்றோ, கிரவுண்டுக்குப் போகாத வயரோ, பக்கத்துப் பற்றோடு ஒட்டிக்கொண்ட ஈயத் துணுக்கோதான்.

வாங்கிய பெடலை மாற்றுவதும் ஜெர்மானியமும்

கடையில் வாங்கிய பெடலின் டயோடையும் கப்பாசிட்டரையும் மாற்ற இதே அறிவு போதும். ஆனால் திறந்து பாருங்கள்: உள்ளே கடுகளவு எஸ்எம்டி பாகங்கள் இருந்தால் மூடி வைத்துவிடுங்கள், முதல் முயற்சிக்கு அது வேண்டாம். கால் வைத்த பாகங்கள் என்றால் முதலில் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். டிசால்டர் பம்ப்பால் ஈயத்தை உறிஞ்சிய பிறகே காலை இழுக்க வேண்டும். வலுவில் இழுத்தால் செம்பு வளையம் பெயர்ந்து வரும். கழற்றிய பாகத்தைச் சிறு கவரில் எண் எழுதிப் போட்டு வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் அசல் நிலையைக் கேட்பார்.

பெங்களூருக்காரர்களுக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ஒருகாலத்தில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களையும் தயாரித்தது. பழைய ரேடியோ சாமான் வைத்திருக்கும் கடைகளில் ஏசி128 போன்றவை எப்போதாவது தட்டுப்படும். அந்தக் காலத்து ஃபஸ் பெடல்களின் சத்தம் இந்த வகை டிரான்சிஸ்டரில்தான். ஆனால் ஜெர்மானியம் தானாகவே கரண்ட் கசியவிடும், சூடு ஏற ஏறக் கசிவு கூடும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, கலெக்டர் வோல்டேஜ் சரியாக நிற்கும்படி ரெசிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏசி128 பிஎன்பி வகை (பிசி547க்கு நேர் எதிர்த் துருவம்) என்பதால் பழைய முறைப்படி கட்டினால் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட். அப்படிக் கட்டிய பெடலை மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் சேர்த்து மாட்டினால் அடாப்டர் நேரடியாக ஷார்ட் ஆகும். அதற்குத் தனிப் பேட்டரி வையுங்கள். டிசி சாக்கெட்டுக்குத் துளையே போடாதீர்கள்.